எந்த ஷாப்புத் தண்ணீர்?

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் டேனரியைத் 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்று ஒருவர் முழுசாகச் சொன்னால் அவர் அரசு அதிகாரியாக இருப்பார், இல்லாவிட்டால் பத்திரிகைக்காரராக இருப்பார். ஊர்க்காரர்களுக்கு அது 'தோல் ஷாப்பு'. "அப்பா ஷாப்புக்குப் போயிருக்காரு" என்று ஒரு பிள்ளை சொன்னால் மளிகைக் கடைக்கு என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

1980களில் பாலாற்றங்கரையில் ஒரு விவசாயியின் கிணறு உப்பேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாற்று முளைத்து வெளுத்துப்போகிறது. தென்னை குரும்பையாகவே உதிர்க்கிறது. மாடு தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அவர் வேலூருக்குப் பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பார்க்கிறார். வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஷாப்புத் தண்ணீர்?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்க முடியாது. பாலாறு மேலே மணல், கீழே தண்ணீர். வெள்ளம் வரும் சில நாட்களை விட்டால், ஆறு மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. கரையில் நூற்றுக்கணக்கான ஷாப்புகள் விட்ட கழிவு வாய்க்காலிலும் ஓடையிலும் ஏரியிலும் கலந்து, மணலில் இறங்கி, ஒரே உப்பாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. அதில் எந்தச் சொட்டு யாருடையது என்று பிரிக்கும் வித்தை எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

ஆனால் சாதாரண சிவில் வழக்கு அந்தப் பதிலைத்தான் கேட்கும். பிரதிவாதி யார், அவர் செய்த தவறு என்ன, அந்தத் தவறால்தான் உனக்கு நஷ்டம் வந்தது என்பதற்குச் சாட்சியம் எங்கே, நஷ்டம் எத்தனை ரூபாய்? இத்தனையும் வாதி நிரூபிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் அவர்தான் கட்ட வேண்டும். கிரிமினல் வழியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. பொது நீரூற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுப்பதற்கு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு வைத்திருந்த அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். அந்தத் தொகை வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய பணம். 1980களில் ஒரு ஷாப்பில் அது தோல் ஏற்றி வரும் லாரி வாடகைக்குக்கூடப் பற்றுமா என்பது சந்தேகம்.

தொழிலில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டால் பலர் போலீஸ், அபராதம், சீல் வைப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். நான் அதை ஒரு பேரேட்டை வைத்துப் பார்க்கிறேன். ஷாப்பு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பச்சைத் தோல் விலை இருக்கும், உப்பு, சுண்ணாம்பு, குரோம், சாயம், கூலி, கரண்ட் பில் எல்லாம் இருக்கும். கெட்டுப்போன கிணற்றுக்கு அதில் ஒரு வரி கிடையாது. அதற்காக அந்தச் செலவு இல்லை என்று ஆகிவிடாது. விவசாயியின் வீட்டில், கணக்கு எழுதத் தெரியாத ஒருவரின் தலையில், அது ஏறிக்கொண்டே இருந்தது. யார் செய்த செலவு யார் கணக்கில் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் சட்டத்தின் முக்கிய வேலை. மற்றதெல்லாம் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும் கருவிகள்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இந்தக் கணக்கு எழுதப்பட்ட விதம் இந்தியச் சட்டக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாடமாக இருக்கிறது. நம் ஊரில்தான் அதை முழுசாகச் சொல்வார் குறைவு.

*

முதலில் ஒரு விஷயம். தோலைப் பதனிடும் ரசாயனமான குரோம் எப்படி இங்கே வந்தது?

ஒரு காலத்தில் இந்தப் பகுதி ஷாப்புகள் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில்தான் தோலைப் பதனிட்டன. அந்தத் தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டும். அரைப் பதத்தில் கப்பலேற்றினால் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் மீதி வேலையைச் செய்து, லாபத்தில் பெரும்பங்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது நமக்கு நஷ்டம்தானே என்று, தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழு 1972இல் சொன்னது. அதன்பின் மத்திய அரசு அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அளவு கட்டியது. முழுசாகப் பதனிட்ட தோலும், ஷூவும், பையும் ஏற்றுமதி செய்தால் சலுகை என்றது. பொருளாதாரக் கணக்கில் சரியான முடிவுதான். இன்று ஆம்பூரில் காலை ஷிஃப்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் சம்பளம் அந்த முடிவிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் முழுப்பதத் தோல் என்றால் குரோம் முறை. குழியில் வாரக்கணக்கில் ஊறியது டிரம்மில் ஒரு நாளில் முடியும் வேலையாயிற்று. அதற்குக் குரோமியம் சல்பேட், கந்தக அமிலம், அம்மோனியா, சாயங்கள். குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்றும், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும் உச்ச நீதிமன்றம் பிற்பாடு பதிவு செய்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஏற்றுமதி விதியால் குரோமை அழைத்து வந்த அதே பத்தாண்டில்தான், 1974இல், நாடாளுமன்றம் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தையும் இயற்றியது. கழிவு நீரை வெளியே விடும் ஒவ்வொரு ஆலையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை, அதாவது அனுமதி, வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரு கை டிரம்மைச் சுழற்றச் சொன்னது, இன்னொரு கை வாய்க்காலை மூடச் சொன்னது. இரண்டும் ஒரே அரசின் கைகள். தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல்தான். எட்டு வருடம் சும்மா இருந்த சட்டம் அது. அதனால்தான் ஷாப்பு முதலாளிகளை மட்டும் வில்லனாக்கும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் அரசு காட்டிய வழியில்தான் போனார்கள். வழியில் இருந்த கிணறுகளைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

கட்டாயம் எவ்வளவு இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. சுத்திகரிப்பு அமைப்பு வைக்க 1985 ஜூலை 31 வரை அரசு கெடு கொடுத்தது. பின்னால் உச்ச நீதிமன்றத்தில் வாரியம் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் 584 ஷாப்புகள் இருப்பதாகவும், அவற்றில் 443 இசைவாணைக்கு விண்ணப்பித்ததாகவும், சுத்திகரிப்பு அமைப்பு வைத்தவை வெறும் 33 என்றும் கண்டிருந்தது. கெடு முடிந்து பல வருடம் ஆனபின் நிலைமை இது. 1988இல் திருத்திய தண்ணீர்ச் சட்டம் ஆலையை மூடவும், கரண்டைப் பிடுங்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. அதிகாரம் இருப்பது வேறு, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி தரும், டாலர் கொண்டுவரும் தொழிலின் ஃபியூஸைப் பிடுங்கும் துணிச்சல் வேறு. எந்த ஆட்சியருக்கும் எந்த அமைச்சருக்கும் அது சுலபமில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்துக் கல்லூரி தோல் வணிகத்தில் பெயர் பெற்ற சி. அப்துல் ஹக்கீம் பெயரில் நிற்கிறது. தோல் பணம் இந்தப் பக்கத்தில் பள்ளியாகவும் கல்லூரியாகவும் மசூதியாகவும் கல்யாணச் செலவாகவும் ஊரோடு கலந்திருக்கிறது. மூடு என்று சொல்ல ஊருக்குள்ளிருந்தே யாருக்கும் வாய் வராது.

அப்படிச் சொல்ல ஊருக்கு வெளியே ஒரு இடம் தேவைப்பட்டது.

*

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பொதுநல வழக்கு. வாதாடியவர் எம்.சி. மேத்தா. அங்கே போனதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. இது என் கிணறு, எனக்கு இவ்வளவு நஷ்டம் என்று கேட்கும் வழக்கு அல்ல இது. உயிர் வாழும் உரிமை என்று 21ஆம் பிரிவு சொல்வதில் நல்ல தண்ணீரும் அடக்கம், அதை அரசு காக்கவில்லை என்ற வழக்கு. அதனால் "எந்த ஷாப்பு?" என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போனது. 584ஐயும் சேர்த்துக் கூண்டில் ஏற்றியாயிற்று.

ஐந்து வருடம் நடந்தது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றம் அனுப்பிப் பார்க்கச் சொன்னது. கெடுமேல் கெடு கொடுத்தது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் ஷாப்புப் பகுதிகளில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு கொள்கைகள் முக்கியம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது இதுதான். இதை அந்த வருடம் பிப்ரவரியிலேயே ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலூர் வழக்கு அதை நீட்டியது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது, கெட்ட மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் கெடுத்தவருடையதே என்றது.

இரண்டாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. என் பார்வையில் பெரிய விஷயம் இதுதான். கெடுதல் வரும் என்று அறிவியல் அறுதியிட்டுச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் ஒரு பாதி. மறுபாதியில்தான் நம் விவசாயி இருக்கிறார். நிரூபிக்கும் சுமையைத் தூக்கி ஆலைக்காரர் தோளில் வைத்தது தீர்ப்பு. என் கழிவால் கெடுதல் இல்லை என்று தொழில் நடத்துபவர்தான் காட்ட வேண்டும். "எந்த ஷாப்புத் தண்ணீர்?" என்று வக்கீல் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டு, "உன் தண்ணீர் இல்லை என்று நீ காட்டு" என்று கேட்டாயிற்று. ஒரு சட்டக் கொள்கை ஒரு கிணற்றடிக்கு இவ்வளவு கிட்ட வந்த சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை.

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைத் தருகிறது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் தீர்ப்பில் விடை உண்டு. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டது. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. அப்புறம் நடைமுறை உத்தரவுகள்: வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களின் ஒவ்வொரு ஷாப்பும் 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு ஆணையம் அமைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு நஷ்டம், யாரிடம் எவ்வளவு வசூல் என்று அது முடிவு செய்ய வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் தனியாகப் பசுமை அமர்வு வைத்து மேற்பார்க்க வேண்டும்.

2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது அதன் 20ஆம் பிரிவில் இந்தக் கொள்கைகள் நேரடியாகவே ஏறிவிட்டன. இன்று அசாமில் ஒரு நிலக்கரி வழக்கானாலும், கோவாவில் ஒரு ஹோட்டல் வழக்கானாலும், வக்கீல்கள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். வேலூரின் பெருமை என்று கோட்டை, சிப்பாய் புரட்சி, ஆஸ்பத்திரி என நாம் அடுக்கும் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

*

இதே காலத்தில் இன்னொரு சட்டமும் வாணியம்பாடியை மாற்றியது. அது நம் நாட்டுச் சட்டமே இல்லை.

தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தைப் போடுவார்கள். 1989 கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. பொருளில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே வரக் கூடாது. பிறகு 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை. ஹாம்பர்க் துறைமுகத்து விதி ஒன்று பேரணாம்பட்டு ஷாப்பின் மருந்து அலமாரியைக் காலி செய்தது. அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு தொழில் மாற்று மருந்துகளுக்கு மாறியது. வாய்க்காலைத் திருத்தப் பல வருடம் பிடித்தது, மருந்தை மாற்ற அவ்வளவு காலம் பிடிக்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஜெர்மானியர் கண்டிப்பானவர்கள், நாம் சோம்பேறிகள் என்று திண்ணையில் பேசுவது சுலபம். காரணம் அதுவல்ல. ஜெர்மன் சட்டம் தோலைச் சோதித்தது. தோலில் கம்பெனி முத்திரை இருக்கிறது, எந்த ஷாப்பு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தவறினால் சரக்கு திரும்பும், பணம் நிற்கும். வங்கிக் கடன் பத்திரம் முதல் கப்பல் கூலி வரை எல்லாமே நஷ்டம், அதுவும் உடனே, அதே ஆளுக்கு. செலவு செய்தவர் கணக்கிலேயே ஏறிவிட்டது. நம் சட்டம் கிணற்றைச் சோதித்தது, கிணற்றில் யார் முத்திரையும் இல்லை. கண்டிப்பு என்பது மனப்பான்மையைவிடச் சட்டத்தின் அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது.

*

தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது பெரிய ஷாப்புகளுக்கே கஷ்டம். பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுத்து, ஜாப் ஒர்க்கில் பிழைக்கும் சின்ன ஷாப்புகளுக்கு முடியவே முடியாது. அதனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லா இடத்திலும் ஷாப்புகள் கூட்டாகக் கம்பெனிகளைப் பதிவு செய்தன. மத்திய, மாநில மானியம் கொஞ்சம், கடன் கொஞ்சம், சொந்தப் பணம் மீதி.

இந்த இடத்தில் சட்டத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. சட்டம் என்றால் தடுப்பது என்று மட்டும் நினைக்கிறோம். சந்தையில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கும் முப்பது நாற்பது போட்டியாளர்களை ஒரே குழாயில் இணைத்து, ஒரே கடனுக்குப் பொறுப்பாக்கி, மாதாமாதம் பங்கு கட்ட வைத்தது எது? கம்பெனிச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும். அவை இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சங்கக் கூட்டமும் டீயும் சண்டையும்தான் நடந்திருக்கும். அத்தோடு ஒரு கண்காணிப்பும் வந்தது. ஒருவர் ராத்திரி வாய்க்காலில் திறந்துவிட்டால் மொத்த நிலையத்துக்கும் நோட்டீஸ் வரும் என்பதால், பக்கத்து ஷாப்புக்காரரே இன்ஸ்பெக்டர் ஆனார். திறந்துவிடுவது முழுசாக நின்றதா? மழை பெய்யும் நாட்களில் ஆற்றில் மிதக்கும் நுரையை ஊர்க்காரர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

உப்புதான் தீராத தலைவலி. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டுத்தான் வரும். சாதாரண சுத்திகரிப்பில் குரோம் படியும், நாற்றம் குறையும், உப்பு அப்படியே போகும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் சவ்வூடு வடிகட்டி, அதன் மிச்சத்தைக் காய்ச்சி, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் போனார்கள். கரண்ட் செலவு ஏறியது, சின்ன ஷாப்புகள் பல மூடின. கடைசியில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு மிஞ்சியது. சாப்பிடவும் ஆகாது, விற்கவும் முடியாது. ஆற்றில் ஓடியது இப்போது கொட்டகையில் அடுக்கியிருக்கிறது. சட்டம் செலவை இடம் மாற்றலாம், உப்பை மறையச் செய்ய அதனால் முடியாது.

சில சமயம் செலவு யாரும் பார்க்காத ஒரு மூலையில் போய் இறங்கும். 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள். ஆற்றைக் காப்பாற்ற எழுந்த அமைப்பு அது. ஆற்றுக்குப் போகாத கசடு அவர்கள் தலைமாட்டில் தேங்கியிருந்தது. ராத்திரி தொழிலாளி எங்கே படுக்கிறான் என்று பார்க்கத் தொழிற்சாலைச் சட்டம் தனி, கழிவைப் பார்க்க வாரியம் தனி. அந்தச் சுவர் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அதே சிப்காட்டில் இன்னொரு பாடமும் கிடக்கிறது, மலை மாதிரியே. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை ஷாப்புகளுக்கு வேண்டிய குரோம் உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடிவிட்டது. விட்டுப்போனது குரோமியம் கலந்த இரண்டு லட்சம் டன்னுக்கு மேலான கழிவு. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். 2006இல் ஒரு அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையையும் சேர்த்ததற்கு இந்தக் குவியல் ஒரு பெரிய காரணம். கெடுத்தவர் கட்டட்டும் என்பது நல்ல கொள்கைதான். கெடுத்தவர் ஒரு கம்பெனியாக இருந்து, அந்தக் கம்பெனி செத்துப்போனால்? பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பங்குப் பணத்தோடு முடிந்தது என்று அதே கம்பெனிச் சட்டம் சொல்கிறது. போட்டியாளர்களைச் சேர்த்துக் குழாய் போட வைத்த அதே ஏற்பாடு இங்கே கதவைச் சாத்திக்கொண்டு போக வழி செய்தது. மீதிச் செலவு அரசாங்கத்தின் தலையில், அதாவது நம் எல்லோர் தலையிலும் விழுந்தது.

*

தோலை விட்டு வெளியே பார்த்தாலும் இதே கணக்குத்தான். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு முதலாளி யார்? இலையும் தூளும் தரும் காண்ட்ராக்டரா, பீடிக் கட்டின் மேல் லேபிள் ஒட்டும் கம்பெனியா? கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் காட்டுவார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால் அவர் தன்னையே தொழிலாளி என்பார். "எந்த ஷாப்பு?" என்பதன் இன்னொரு வடிவம்தான் இது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 'முதன்மை முதலாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்து, காண்ட்ராக்டருக்குப் பின்னால் இருப்பவரையும் பொறுப்பாளியாக்கியது. கம்பெனிகள் அதை எதிர்த்துப் போன வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நடைமுறையில் ஓட்டைகள் நிறைய. ஆனாலும் வருங்கால வைப்பு நிதிப் புத்தகம் கைக்கு வந்த பீடித் தொழிலாளி வீட்டில் அந்தச் சொல்லின் விலை தெரியும்.

இன்னொன்று, சின்னது, கொஞ்சம் சந்தோஷமானது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்க் காய்க்கு இனி அந்தப் பெயரை வைத்து விற்க முடியாது. ஊர்ப் பெயரைச் சொத்தாக்கி, அதன் வரவை ஊர்க்காரர் கணக்கில் சேர்ப்பதும் சட்டம்தான். முள் குத்தாமல் அதைப் பறிக்க மட்டும் எந்தச் சட்டமும் உதவாது.

*

சரி, அந்த இழப்பீடு என்னாயிற்று?

ஆணையம் அமைந்தது. கிராமம் கிராமமாக அளந்தது. 2001 மார்ச்சில் அறிவித்தது: வேலூர் மாவட்டத்தில் சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். 1991 முதல் 1998 வரையான நஷ்டத்துக்கு. 1996இல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் போட்ட அபராதத்தைவிடக் குறைவான தொகை. இது கேட்பவர்களுக்குக் கோபம் வரும், வரவேண்டும். ஆனால் "எந்த ஷாப்பு?" என்ற கேள்வியிலேயே நின்றிருந்தால் அந்த ஒன்பதாயிரமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொகையும் எல்லோர் கைக்கும் வந்துசேரவில்லை. என் பங்கு அதிகம் என்று ஷாப்புகள் உயர் நீதிமன்றம் போயின. விடுபட்டவர்களுக்காக 2009இல் ஆணையத்தின் இரண்டாவது இழப்பீட்டு அறிவிப்பு வந்தது. 2010இல் உயர் நீதிமன்ற உத்தரவு, அதற்கு மேல்முறையீடு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே முதலில் கொடுத்துவிட வேண்டும், பிறகு கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். இழப்பீடு கட்டியதாலேயே ஆற்றைச் சீராக்கும் கடமை தீர்ந்துவிடாது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்து மேற்பார்க்க வேண்டும். வழக்கை முடித்து மூடாமல் தொடர்ந்து தன் பார்வையிலேயே வைத்துக்கொண்டது நீதிமன்றம்.

அரசே முதலில் கொடு என்பதில்தான் புதுமை இருக்கிறது. இருபத்துநாலு வருடமாக, வசூல் ஆனால்தான் பட்டுவாடா என்று காத்திருந்தவர்கள் அந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். வசூலிக்கும் தலைவலியை விவசாயியிடமிருந்து எடுத்து, வசூலிக்கும் பலம் உள்ளவரிடம் கொடுத்தாயிற்று. 1996இல் நிரூபிக்கும் சுமை இடம் மாறியது, 2025இல் காத்திருக்கும் சுமை இடம் மாறியது.

வழக்குப் போட்டபோது ஐம்பது வயதிலிருந்த விவசாயிக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும், இருந்தால். இல்லாவிட்டால் மகனோ மகளோ வாரிசுச் சான்றிதழோடு போக வேண்டும். வழக்கு தொடங்கியபோது அது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆணையம் அளந்தபோது வேலூர் மாவட்டம். 2019இல் மூன்றாகப் பிரிந்தபின் வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில், மேல்விஷாரமும் சிப்காட்டும் ராணிப்பேட்டை மாவட்டத்தில், பேரணாம்பட்டு மட்டும் வேலூரில். அப்பா பெயர் ஒரு மாவட்டத்துப் பட்டியலில் இருக்கும், நிலம் இன்னொரு மாவட்டத்தில் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு கிளம்பும் மகன் பஸ் ஸ்டாண்டில் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்று.